கிண்ணத்து எலும்பு

முதுகில் அறுவை சிகிச்சை முடிந்து வார்டுக்கு வந்தவர்கள் மறுநாள் காலையில் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் முதுகைப் பற்றியதாக இருக்காது. "சிஸ்டர், இடுப்புல ஏன் வெட்டியிருக்கு?" என்பார்கள். முதுகின் நடுவில் உள்ள நீளத் தையலைவிட, இடுப்பின் ஓரத்தில் உள்ள சின்னத் தையல்தான் அவர்களைப் பாடாய்ப் படுத்தும். புரண்டால் வலிக்கும், இருமினால் வலிக்கும், பெட்பேன் வைக்கும்போது உயிர் போய் வரும். சம்மதக் கையெழுத்து வாங்கும்போது டாக்டர் சொல்லித்தான் இருப்பார். ஆனால் ஆபரேஷன் என்ற சொல் காதில் விழுந்த பிறகு சொன்னதெல்லாம் யாருக்கு நினைவில் நிற்கும்?

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொல்வேன். "முதுகுல விலகி நிக்கிற ரெண்டு எலும்பு ஒண்ணா சேரணும்லா, அதுக்கு இடையில வைக்க எலும்பு வேணும். அத உங்க இடுப்புல இருந்தே எடுத்துருக்கோம். வேற யாருகிட்டயும் வாங்கல." சிலர் தலையாட்டுவார்கள். சிலர் இடுப்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "அப்ப இங்க பள்ளமாயிருமா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. கொஞ்சம் பள்ளமாகத்தான் செய்யும்.

தென்மாவட்டத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்றில், எலும்பு சிகிச்சைப் பிரிவின் தியேட்டரில்தான் என் பணிக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. முதுகில் எலும்பு ஒட்டு வைப்பதைப் பற்றி நோயாளிகளிடம் சொல்ல எனக்கு நிறைய இருந்தது. அடுத்த கேஸ் காத்திருக்கும்போது நின்று சொல்ல நேரம் இருந்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகு எழுதுகிறேன்.

நான் தியேட்டருக்கு மாற்றலாகி வந்தது 1980களின் பிற்பகுதி. அப்போது முதுகு ஆபரேஷன் என்றால் பெரும்பாலும் முதுகெலும்புக் காசநோய்தான். கிருமி முள்ளெலும்பை அரித்துத் தின்றுவிடும். எலும்பு முன்பக்கமாக நொறுங்கி உட்கார, முதுகு கூனும். சீழ் சேர்ந்து தண்டுவடத்தை அழுத்தினால் கால்கள் விழுந்துவிடும். நான் முதன்முதலில் ஸ்க்ரப் ஆகி நின்ற முதுகுக் கேஸ் அப்படி வந்த ஒரு பையன். பத்தாம் வகுப்பு. தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

எங்கள் சீஃப் பக்கவாட்டில் திறந்து, ஒரு விலா எலும்பை எடுத்து வழி செய்துகொண்டு, முதுகெலும்பின் முன்பக்கத்தை அடைந்தார். சீழையும் செத்த எலும்பையும் சுரண்டிச் சுரண்டி எடுத்தார். ரத்தம் கசியும் நல்ல எலும்பு தெரியும்வரை நிறுத்தவில்லை. பிறகு அந்த இடைவெளியை அளந்து எண்ணைச் சொன்னார். அடுத்து இடுப்பெலும்பு. ஆஸ்டியோட்டோமை வைத்து மேலட்டால் தட்டும் ஓசையை அன்றுதான் கேட்டேன். தச்சுப்பட்டறையில் கேட்டிருந்தால் பழகிய சத்தமாக இருந்திருக்கும். ஒரு பிள்ளையின் உடம்பிலிருந்து வந்ததால் வயிற்றைப் பிசைந்தது. அளந்த அளவில் ஒரு துண்டு வெளியே வந்தது. மூன்று பக்கம் கெட்டி எலும்பு, நடுவில் தேன்நிறச் சிவப்பில் பஞ்செலும்பு. அதை என் கையில் இருந்த கிண்ணத்தில் வைத்தார்.

"சிஸ்டர், அது செத்த பொருள் இல்ல. மூச்சு விட்டுட்டிருக்கு. அந்த நெனப்போட வச்சிருங்க."

அந்தக் கிண்ணம் அதன்பின் என் பொறுப்பாயிற்று. எலும்பை உலர விடக் கூடாது. மேலே எரியும் விளக்கின் சூடு படக் கூடாது. சலைனில் நெடுநேரம் ஊறப்போடவும் கூடாது. அந்த நோயாளியின் ரத்தத்திலேயே நனைந்த காஸில் பொதிந்து, மூடி, ஓரமாக வைத்து, கேட்டதும் கொடுக்க வேண்டும். தவறி விழுந்தால் திரும்ப எடுக்க அந்த உடம்பில் இன்னொரு வெட்டு. அதனால் கிண்ணம் மேசையில் இருக்கும்வரை அந்தப் பக்கம் யாருடைய முழங்கையும் போகாதபடி பார்த்துக்கொள்வேன். புதிதாக வந்த ஹவுஸ் சர்ஜன்கள் என்னைக் கடுகடுப்பான சிஸ்டர் என்று சொன்னதற்கு அந்தக் கிண்ணமே காரணம்.

முதுகெலும்பை ஒட்ட வைக்கும் அறுவையே காசநோயிலிருந்துதான் தொடங்கியது என்று சீஃப் வகுப்பெடுக்கும்போது கேட்டிருக்கிறேன். 1911-இல் நியூயார்க்கில் இரண்டு பேர் தனித்தனியே அதைச் செய்தார்கள். ஒருவர் ரஸ்ஸல் ஹிப்ஸ். முள்ளெலும்புகளின் பின்பக்கத்தையே சீவிச் சீவி, அந்தச் சீவல்களை ஒன்றின்மேல் ஒன்று படியவைத்துச் சேரவிட்டார். இன்னொருவர் ஃப்ரெட் ஆல்பி. கணுக்காலுக்கு மேலுள்ள முன்னங்காலெலும்பிலிருந்து ஒரு பட்டையை அறுத்து, முள்முனைகளைப் பிளந்து நடுவே பதித்தார். மேய்ன் மாநிலத்துப் பண்ணையில் வளர்ந்த ஆல்பி, பழமரங்களுக்கு ஒட்டுக் கட்டுவதைச் சிறுவயதில் தாத்தாவிடம் கற்றவராம். அப்போது ஸ்க்ரூ கிடையாது, கம்பி கிடையாது, காசநோய்க்கு மருந்தும் கிடையாது. அசையும் எலும்பை அசையாமல் செய்துவிட்டால் நோய் அடங்கும், கூன் கூடாது என்ற ஒரே நம்பிக்கைதான். ஆபரேஷனுக்குப் பின் மாதக்கணக்கில் படுக்கை.

1950களில் ஹாங்காங்கில் ஹாட்ஜ்சனும் ஸ்டாக்கும் முன்பக்கமாகப் போய்ச் சீழை முழுக்க எடுத்துவிட்டு எலும்பை ஊன்றி வைக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். அந்தப் பையனுக்கு எங்கள் சீஃப் செய்தது அந்த வழிதான். சென்னைக்கும் இந்தக் கதையில் ஒரு பெரிய இடம் உண்டு. 1970களில், காலில் பலம் குன்றாமல் நடந்துகொண்டிருந்த முதுகெலும்புக் காசநோயாளிகளைச் சேர்த்து ஓர் ஆய்வு சென்னையில் தொடங்கியது. ஒரு பிரிவினருக்கு மாத்திரையோடு ஹாங்காங் முறை அறுவை, மற்றவர்களுக்கு நடமாடிக்கொண்டே மாத்திரை மட்டும். மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களிலும் பெரும்பாலோர் குணமானார்கள். கத்தி யாருக்குத் தேவை, யாருக்குத் தேவையில்லை என்பதை உலகத்துக்கே எடுத்துச் சொன்ன வேலைகளில் அது ஒன்று. நம் ஊர் ஏழை நோயாளிகள் நம்பி ஒத்துழைத்ததால் கிடைத்த அறிவு அது. சீஃப் அதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

அந்தப் பையன் நடந்து போனான். கொஞ்சம் கூன் மிச்சமிருந்தது.

ஒட்டு வைத்த எலும்பு அங்கேயே அப்படியே பிடித்துக்கொள்கிறது என்றுதான் நானும் முதலில் நினைத்திருந்தேன். நடப்பது வேறு. எடுத்து வைத்த எலும்பில் உள்ள உயிரணுக்களில் பெரும்பகுதி, ரத்த ஓட்டம் அறுந்துபோனதால் செத்துவிடும். மேற்பரப்பில் உள்ள சில மட்டும் பிழைக்கும். சுற்றி உறையும் ரத்தத்துக்குள் புது ரத்தக்குழாய்கள் மெல்ல நுழையும். பழைய எலும்பைக் கரைக்கும் அணுக்கள் முன்னே போக, புது எலும்பு கட்டும் அணுக்கள் பின்னே வரும். இப்படி வைத்த எலும்பு சிறிது சிறிதாகக் கரைந்து, அதே இடத்தில் அந்த உடம்பே கட்டிய புதிய எலும்பு உட்காரும். வைத்த துண்டு வழி காட்டும் சட்டம், அழைப்பு, விதை எல்லாமும்தான். சொந்த எலும்பை மற்ற எதையும்விட மேலாக மதிப்பது இதனால்தான். அதில் உயிரணு இருக்கிறது, எலும்பு வளரத் தூண்டும் புரதம் இருக்கிறது, புது எலும்பு ஏறிப் படரச் சட்டமும் இருக்கிறது. மூன்றும் அதிலேயே சேர்ந்திருக்கின்றன.

வைக்கும் இடமும் ஆயத்தமாக இருக்க வேண்டும். டிஸ்க்கின் சவ்வும் குருத்தெலும்பும் ஒட்டிக்கொண்டிருந்தால் அங்கே எலும்பு சேராது. க்யூரெட்டால் சுரண்டி, கீழே ரத்தம் பொடிப்பொடியாகத் துளிர்க்கும் எலும்பு தெரிய வேண்டும். பார்க்கிறவருக்கு அலுப்புத் தட்டும் வேலை. நல்ல சர்ஜனை நான் அடையாளம் கண்டது அங்கேதான். ஸ்க்ரூ போடும் கைவேகத்தைப் பார்த்து யாரையும் நான் மதிப்பிட்டதில்லை. அந்தச் சுரண்டலில் எவ்வளவு பொறுமை இருக்கிறது என்று பார்ப்பேன்.

ஸ்க்ரூக்கள் எங்கள் தியேட்டருக்கு மெதுவாகத்தான் வந்தன. முள்ளெலும்பின் தண்டு வழியாக ஸ்க்ரூ ஏற்றும் முறையை பாரிசில் ரோய்-கமிய் 1963-லேயே தொடங்கிவிட்டார். ஆனால் அரசு மருத்துவமனைக்கு வரும் குடும்பம் அதை வெளியே கடையில் வாங்கிவர வேண்டியிருந்த காலத்தில், நகையை அடகு வைத்தவர்களுக்குத்தான் அது கிடைத்தது. 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012-இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் வந்த பிறகு நிலைமை மாறியது. அடகுச் சீட்டோடு வராந்தாவில் நின்றவர்களைப் பார்த்தவள் நான். அந்தத் திட்டங்களின் அருமை எனக்குத் தெரியும்.

ஸ்க்ரூ வந்ததும் ஒரு புதுக் குழப்பமும் கூடவே வந்தது. 'ஸ்க்ரூ போட்டாச்சு, இனி சரி' என்ற எண்ணம். எக்ஸ்ரேயில் வெள்ளையாகப் பளிச்சென்று தெரிவது ஸ்க்ரூதான். எலும்பு ஒட்டு மங்கலாகத் தெரியும், முதலில் தெரியவே தெரியாது. உறவினர்களும் ஸ்க்ரூவைப் பற்றித்தான் கேட்பார்கள். எந்த உலோகம், எந்த நாட்டுச் சரக்கு, ஸ்கேன் எடுக்கும்போது இழுக்குமா என்று. எலும்பைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை.

இதை எனக்கு விளக்கத் தெரியாத நாளில் ஒரு கொத்தனார் விளக்கினார். கடைசி முள்ளெலும்பு முன்னால் நழுவி, இரண்டு காலும் எரிந்துகொண்டிருந்த மனிதர். டாக்டர் படம் போட்டுக் காட்டியதை உற்றுப் பார்த்துவிட்டு, பக்கத்துக் கட்டில்காரரிடம் திரும்பிச் சொன்னார். "இந்தக் கம்பியும் ஸ்க்ரூவும் சென்ட்ரிங்குதான்யா. உள்ள வச்ச எலும்புதான் காங்கிரீட்டு. காங்கிரீட்டு இறுகுற வரைக்கும் சென்ட்ரிங்கு தாங்கும். இறுகலைன்னா சென்ட்ரிங்கு எத்தன நாளைக்கு நிக்கும்?" டாக்டரே திரும்பிப் பார்த்தார். அன்று முதல் அதைத்தான் நான் எல்லோருக்கும் சொல்லிவந்தேன். ஒரே ஒரு வித்தியாசம், எலும்பு இறுகிய பின்னும் ஸ்க்ரூவைப் பெரும்பாலும் கழற்றுவதில்லை. உள்ளேயே இருந்துவிடும்.

இறுகாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தேன். நாமக்கல் பக்கமிருந்து வந்து எங்கள் ஊரில் குடியேறிய ஒரு லாரி ஓட்டுநர். ஆபரேஷன் முடிந்து நன்றாகப் போனார். ஓராண்டு கழித்து வலியோடு திரும்பி வந்தார். எக்ஸ்ரேயில் ஒரு ஸ்க்ரூ உடைந்திருந்தது. ஒரே இடத்தில் விடாமல் அசைவு இருந்தால் எந்த உலோகமும் களைத்து உடைந்துவிடும். திறந்து பார்த்தபோது எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் நார் போன்ற திசு. இரண்டு பக்க எலும்பும் அதன் மேல் அசைந்துகொண்டிருந்தன. அவர் ஒரு நாளைக்கு இரண்டு கட்டு பீடி குடிப்பவர், நிறுத்தவே இல்லை. புகையிலை ரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது, எலும்பு கட்டும் அணுக்களை மந்தமாக்குகிறது, புகைப்பவர்களுக்கு முதுகு எலும்பு சேராமல் போகும் வாய்ப்பு கூடுதல் என்பதெல்லாம் ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த செய்தி. சீஃப் மறு இடுப்பிலிருந்து எலும்பெடுத்து மறுபடியும் வைத்தார். இந்த முறை ஓட்டுநரின் மனைவி பீடிக்கட்டை வார்டு வாசலிலேயே பிடுங்கிக்கொண்டார். எலும்பு சேர்ந்தது.

அவரிடம் பீடியை விடச் சொல்லி நான் மன்றாடியபோதெல்லாம் மனதுக்குள் ஒரு நெருடல் இருக்கும். என்னை நர்சிங் படிக்க வைத்தது பீடிதான். தென்காசிப் பக்கம் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, மடியில் தட்டை வைத்து, பள்ளிக்கூடம் விட்ட வயதிலிருந்து பீடி சுற்றி, அந்தக் கூலியில் எனக்கு ஹாஸ்டல் பணம் கட்டியவள் என் அக்கா.

அந்த அக்காவின் முதுகுதான் 2018-இல் எங்கள் தியேட்டருக்கு வந்தது.

அவளுக்கு நான்காம் இடுப்பு முள்ளெலும்பு ஐந்தாவதன் மேல் முன்னால் நழுவியிருந்தது. வயதால் வரும் நழுவல் ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வருவது. நரம்புப் பாதை சுருங்கிவிட்டது. தெருமுனைக் கோயில் வரைக்கும் நடக்க முடியாது. கால் கனத்து மரத்துப்போகும். எங்காவது குனிந்து உட்கார்ந்தால் சரியாகும், எழுந்து நடந்தால் மறுபடியும். பயிற்சி, மாத்திரை, ஊசி எல்லாம் பார்த்தாகிவிட்டது. எங்களிடம் மாணவராக இருந்து அப்போது அதே பிரிவில் உதவிப் பேராசிரியராக இருந்தவர்தான் டாக்டர். அவர் அக்காவை உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார்.

நரம்பை அழுத்தும் எலும்பை மட்டும் எடுத்துவிடலாம், எல்லாருக்கும் எலும்பைச் சேர்க்கத் தேவையில்லை என்பதைத்தான் முதலில் சொன்னார். 2016-இல் சுவீடனில் வந்த ஓர் ஆய்வில், நரம்பை விடுவித்ததோடு எலும்பையும் சேர்த்தவர்கள், சேர்க்காதவர்களைவிட மேலாக இல்லை. அதே ஆண்டு அமெரிக்காவில் வந்த இன்னொன்றில் சேர்த்தவர்களுக்குக் கொஞ்சம் மேல். "அம்மா, உங்களுக்குக் குனியச் சொல்லியும் நிமிரச் சொல்லியும் எடுத்த எக்ஸ்ரேல எலும்பு முன்னும் பின்னும் நகருது. அதனால உங்களுக்குச் சேக்குறது நல்லதுன்னு நெனைக்கிறேன்" என்றார். நகராமல் இருந்திருந்தால் வேறு முடிவு சொல்லியிருப்பார். அந்த நிதானம் எனக்குப் பிடித்திருந்தது.

வெளியே வந்ததும் அக்கா கேட்டது ஒன்றுதான். "ஏட்டி, இடுப்புலயும் கைய வைப்பாவளோ?"

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அதற்கு ஒரே பதில்தான். இப்போது அப்படியில்லை. நரம்பை விடுவிக்க வெட்டியெடுக்கும் எலும்பையே, ஒட்டியிருக்கும் தசையையும் குருத்தெலும்பையும் நீக்கிச் சுத்தம் செய்து, நிப்ளரால் பயறளவுக்கு நறுக்கி, அங்கேயே வைத்துவிடலாம். ஒரே அடுக்கு என்றால் அது பெரும்பாலும் போதும். போதாவிட்டால் எலும்பின் தாது போலவே கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த செராமிக் குருணையைக் கலந்துகொள்ளலாம். அது வெறும் சட்டம், உயிர் கிடையாது. ஆனால் சொந்த எலும்போடு கலந்தால் உதவும். தானமாகக் கிடைத்த எலும்பும் இருக்கிறது. மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையில் 1988-லிருந்து திசு வங்கி நடக்கிறது. கதிர்வீச்சால் கிருமி நீக்கிய எலும்பு அங்கிருந்து கிடைக்கும். அதிலும் உயிரணு கிடையாது.

இந்தப் பட்டியலில் இல்லாத ஒன்றைப் பற்றி அக்கா மகன் இணையத்தில் படித்துவிட்டு வந்து கேட்டான். எலும்பை வளர வைக்கும் புரதமாமே, அதையே வைத்துவிட்டால் என்ன என்று. கலிபோர்னியாவில் மார்ஷல் யூரிஸ்ட் என்ற எலும்பு மருத்துவர், கனிமம் நீக்கிய எலும்பைத் தசைக்குள் வைத்தால் அங்கேயும் புது எலும்பு முளைக்கிறது என்று 1965-இல் காட்டினார். அதற்குக் காரணமான பொருளைத் தேடித் தேடி, கடைசியில் ஆய்வகத்தில் தயாரித்து, 2002-இல் அமெரிக்காவில் இடுப்பு முதுகு அறுவைக்கு அனுமதித்தார்கள். இடுப்பெலும்பை வெட்டும் காலம் முடிந்தது என்று பேசினார்கள். பிறகு கழுத்தில் பயன்படுத்தியபோது தொண்டை வீங்கி மூச்சுத் திணறியவர்கள் வந்தார்கள். 2008-இல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே எச்சரிக்கை விட்டது. 2011-இல் ஒரு முதுகெலும்பு மருத்துவ இதழ், தொடக்க ஆய்வுகள் கெடுதல்களைக் குறைத்துச் சொல்லிவிட்டன என்று ஓர் இதழ் முழுக்க எழுதியது. எலும்பு வளர்வது உண்மைதான், எங்கே நிறுத்துவது என்பதுதான் சிக்கல். அந்தப் பையனிடம் இதை விளக்கி, "ஒங்க அம்மைக்கு அவ எலும்பே போதும்ல" என்றேன்.

ரத்த சொந்தத்துக்கு ஸ்க்ரப் ஆகி நிற்கக் கூடாது என்பது எங்கள் பிரிவில் காலம் காலமாக இருந்த வழக்கம். அன்று தியேட்டர் கதவுக்கு வெளியே, நோயாளிகளின் ஆட்கள் உட்காரும் பெஞ்சில் அத்தானோடு உட்கார்ந்தேன். உள்ளே ஒவ்வொரு நிமிடமும் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். இப்போது குப்புறப் படுக்க வைத்திருப்பார்கள். இப்போது சி-ஆர்ம் எக்ஸ்ரே வந்திருக்கும். இப்போது நரம்பை அழுத்தும் எலும்பை எடுத்துக் கிண்ணத்தில் போட்டிருப்பார்கள். யார் கையில் அந்தக் கிண்ணம் இருக்கிறது? காஸ் நனைந்திருக்கிறதா? தசையைச் சுரண்டாமல் அவசரத்தில் நறுக்குகிறார்களா? அத்தான் ஒன்றும் கேட்கவில்லை. அவர் கேட்டிருந்தாலும் என்னால் பதில் சொல்லியிருக்க முடியாது, தொண்டை அடைத்திருந்தது. அத்தனை ஆண்டுகளாக அந்தப் பெஞ்சைத் தாண்டித்தான் உள்ளே போய் வந்திருக்கிறேன். அதில் உட்கார்ந்திருப்பவர்களின் கண்ணை ஒருமுறையாவது நின்று பார்த்து, "நல்லா போய்க்கிட்டிருக்கு" என்று ஒரு வார்த்தை சொல்வது எவ்வளவு பெரிய உதவி என்பது அங்கே உட்கார்ந்தால்தான் தெரிகிறது. உள்ளே ஸ்க்ரப் ஆகியிருந்த பெண் என்னிடம் வேலை பழகியவள். இடையில் சர்க்குலேட்டிங் நர்சை வெளியே அனுப்பினாள். "அக்கா, எலும்பு நெறய கெடச்சிருக்காம். நல்லா மூடி வச்சிருக்கோம்னு சொல்லச் சொன்னாங்க." அதன் பிறகுதான் அத்தானுக்கு டீ வாங்கிக் கொடுக்கத் தோன்றியது.

டிஸ்க் இருந்த இடத்தில் ஒரு கேஜ் வைத்தார்கள். உள்ளே கூடாக இருக்கும், அதற்குள் எலும்பை அடைப்பார்கள். அந்தக் கூடு குதிரையிடமிருந்து மனிதனுக்கு வந்தது. கழுத்தெலும்பு நெருங்கித் தள்ளாடும் குதிரைகளுக்கு, துளையிட்ட உலோகக் கூடையில் அவற்றின் எலும்பையே அடைத்து வைக்கும் வழியை ஜார்ஜ் பாக்பி என்ற அமெரிக்க எலும்பு மருத்துவர் உருவாக்கினார். அதிலிருந்து வளர்ந்த கூடு 1996-இல் அங்கே மனிதர்களுக்கு அனுமதி பெற்றது. கூடு உயரத்தைத் தாங்கும். இரண்டு எலும்புகளையும் சேர்ப்பது உள்ளே அடைத்த பயறளவுத் துண்டுகளின் வேலை. முன்பக்கம் வைப்பதற்கும் காரணம் உண்டு. நிற்கும்போதும் நடக்கும்போதும் உடம்பின் பாரம் பெரும்பகுதி அங்கேதான் இறங்குகிறது. அழுத்தம் விழும் இடத்தில்தான் எலும்பு கெட்டிப்படும். ஜெர்மனியில் யூலியஸ் வொல்ஃப் 1892-லேயே இதை எழுதிவைத்தார்.

அதனால்தான் மறுநாளே எழுந்து நடக்கச் சொன்னார்கள். அக்கா பயந்தாள். "எலும்பு நழுவிராதாட்டி?" நடந்தால்தான் சேரும், குனிந்தால்தான் கெடும் என்று சொல்லி, பெல்ட்டைக் கட்டி, உடம்பை ஒரே கட்டையாகப் புரட்டி எழுப்பி, வார்டின் கடைசிவரை நடத்தினேன். கால் கனம் போயிருந்தது. ஜன்னலைப் பிடித்து நின்று அழுதாள்.

வீட்டுக்கு வந்த பிறகு தொடங்கிய மாதங்கள்தான் உண்மையில் பெரிய ஆபரேஷன். எலும்பு ஓரளவு சேர மூன்று முதல் ஆறு மாதம். முழுதாக முற்ற ஓராண்டு, சிலருக்கு அதற்கும் மேல். டிஸ்சார்ஜ் சீட்டில் 'குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது' என்று ஒரே வரியில் எழுதிவிடுவார்கள். நம் வீடுகளில் எல்லாமே தரையில்தான் இருக்கிறது. அரிவாள்மணை தரையில், கோலம் தரையில், துவைக்கும் கல் தரையில், கழிப்பறை தரையில். தண்ணீர் வரும் நாளில் குடம் தூக்காத பெண் தெருவில் உண்டா? அத்தான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் ஓட்டை போட்டுக் கழிப்பறை மேல் வைத்தார். அடுப்பை மேடைக்கு ஏற்றினார். தண்ணீரைப் பேரன்கள் சின்னக் குடத்தில் சுமந்தார்கள். பீடித்தட்டை மடியில் வைத்துக் குனியக் கூடாது என்று உயரமான பெஞ்சு ஒன்று செய்தார். அதில் தட்டை வைத்து நிமிர்ந்து உட்கார்ந்து சுற்றப் பழக அக்காவுக்கு நாளாயிற்று. வேலையை விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை. அவள் கை அதில்தான் நிம்மதியாக இருக்கிறது.

சர்க்கரை அளவைக் கட்டுக்குள் வைத்தோம். விட்டமின் டி குறைவாக இருந்தது, கொடுத்தார்கள். மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கிச் சாப்பிட்டுப் பழகிய வலி மாத்திரைகளை நிறுத்தினேன். அவற்றில் சில, தொடக்க மாதங்களில் நிறையச் சாப்பிட்டால் எலும்பு கட்டுவதைத் தாமதப்படுத்தலாம் என்று எங்கள் பிரிவில் தவிர்ப்பார்கள்.

மூன்றாம் மாத எக்ஸ்ரேயில் கேஜைச் சுற்றித் துகள் துகளாக இருந்தது. ஆறாம் மாதத்தில் துகள்களின் ஓரம் கரைந்து ஒரு மேகம் போலக் கலந்திருந்தது. ஓராண்டு முடிந்து எடுத்த சி.டி.யில் மேலெலும்பிலிருந்து கீழெலும்புவரை தொடர்ச்சியாக எலும்பு ஓடியது. டாக்டர் திரையில் விரல் வைத்துக் காட்டினார். அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை, நான் மறுபடியும் மறுபடியும் பார்த்தேன். ஸ்க்ரூ அசையவில்லை.

அக்கா கோயிலுக்கு நடந்து போவதைப் பார்த்து, பக்கத்து வீட்டு மதினி என்னைத் தேடி வந்தாள். அவளுக்கும் பல வருட முதுகுவலி. எம்.ஆர்.ஐ. எடுத்து வைத்திருந்தாள், டிஸ்க் கருத்திருக்கிறது என்று எழுதியிருந்தது. நழுவல் இல்லை, நரம்பு அழுத்தம் இல்லை, கால் வலி இல்லை. அதே டாக்டரிடம் அழைத்துப் போனேன். பார்த்துவிட்டு, ஆபரேஷன் வேண்டாம், பயிற்சி செய்யுங்கள் என்று பிசியோதெரபிக்கு எழுதிக் கொடுத்தார். மதினிக்குக் கோபம். "ஒங்க அக்காவுக்கு மட்டும் செஞ்சிய. எனக்குன்னா செய்ய மாட்டேங்காவ. நான் என்ன காசு தர மாட்டேன்னா சொன்னேன்?"

அவளுக்கு நான் சொன்னதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது தெரியாமல் இடுப்பையும் முதுகையும் கொடுத்துவிட்டு, வலி குறையாமல் அலைகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வயதானால் டிஸ்க் கருப்பது முடி நரைப்பதைப் போல இயல்பாக நடப்பது. கருத்த டிஸ்க்தான் வலிக்கிறது என்று ஸ்கேனை மட்டும் வைத்து யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. வெறும் முதுகுவலிக்கு எலும்பைச் சேர்ப்பது பயன் தருமா என்று பெரிய ஆய்வுகள் நடந்தன. 2001-இல் சுவீடனில் அறுவை செய்தவர்கள் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட மேலாக இருந்தார்கள். 2003-இல் நார்வேயில், முறையான பயிற்சியும் வலியைப் பற்றிய தெளிவும் கொடுத்தவர்களுக்கும் அறுவை செய்தவர்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. 2005-இல் பிரிட்டனில் வந்த ஆய்வும் அறுவைக்குத் தெளிவான வெற்றியைத் தரவில்லை. 2016-இல் அந்நாட்டு மருத்துவ வழிகாட்டுக் குழு, ஆய்வுக்காக அல்லாமல் வெறும் முதுகுவலிக்கு இந்த அறுவையைச் செய்ய வேண்டாம் என்றே எழுதிவிட்டது. சேர்த்த எலும்புக்கு மேலும் கீழும் உள்ள மூட்டுகள் கூடுதல் பாரம் தாங்கித் தேயவும் கூடும். அக்காவுக்கும் அந்தப் பயம் இருக்கிறது. அவளுக்கு நரம்பு நசுங்கியிருந்தது, எலும்பு நகர்ந்தது, அதனால் அந்தப் பயத்தை ஏற்றுக்கொண்டோம். நகராத எலும்பைக் கட்டிப்போட்டு மதினிக்கு என்ன கிடைக்கும்?

அவள் முழுக்க நம்பவில்லை. காசுக்காரர்களுக்கு ஒரு நீதி என்றுதான் நினைத்துக்கொண்டு போனாள். ஆனால் அக்கா விடவில்லை. வாரம் தவறாமல் பிசியோதெரபிக்குக் கூட்டிப்போனாள், காலையில் குளத்தங்கரை நடைக்கும் கூப்பிட்டுக்கொண்டாள். போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது மதினி வீட்டு வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தாள்.

"வலி முழுசா போகலியே" என்றாள்.

"எவ்வளவு போயிருக்கு மதினி?"

யோசித்தாள். "முக்காவாசி போயிருக்கும்."

"கத்தி வச்சிருந்தாலும் முக்காவாசிக்கு மேல போகும்னு யாரும் எழுதித் தந்திருக்க மாட்டாவ" என்றேன். அதற்கும் முறைத்தாள். அடுத்த வாரத்துக்கு எந்தக் கிழமை டோக்கன் போடுகிறார்கள் என்று அக்காவிடம் கேட்டுக்கொண்டு உள்ளே போனாள்.